நோன்பும் நோயும்

கடுநோன்பு மேற்கொண்டாரொருவர்க்குச் சில வாரங்கள் கழிந்தபின் வயிற்றெரிவும் தலைச்சுற்றலும் தோன்றுகின்றன. அவற்றோடு காரணமில்லாச் சினமும், சோர்வும், உணவைப்பற்றிய இடையறா நினைவும் உடன் வருகின்றன. அப்பொழுது அவருள்ளத்தில், "என் பத்தி குறைந்தமையாலன்றோ என் மனம் இங்ஙனம் தன்னோடு தானே போராடுகின்றது? அப்போரே உடலில் நோயாயிற்றோ?" என்றோர் ஐயம் எழுகின்றது. அருகிருப்பார் சிலரும் "மனம் பக்குவப்படாமையே காரணம்" எனக் கூறி அவ்வையத்தை வலியுறுத்துவர். இக்கூற்றுச் சித்தாந்த நூன்முடிபிற்கும், உடனூல் வல்லார் கண்ட உண்மைக்கும் ஒக்குமா என்பதனை ஈண்டு ஆராய்வாம். பிழைபட விடை கொண்டவர் மருந்தை விடுத்து நோன்பை மேலுங் கடிதாக்கி உயிர்க்கே ஊறு தேடிக்கொள்வராதலின், இது வெறுஞ் சொல்வாதமன்று என்க.

முதற்கண் விரதமாவது யாதென அறிதல் வேண்டும். ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) தாம் இயற்றிய சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்தில் விரதத்திற்குக் கூறிய இலக்கணத்தை நோக்குவார்க்கு, அதன்கண் மூன்று கூறுகள் புலனாம். மனம் ஐம்பொறிகளின் பின்னே செல்லாமை அதன் நோக்கம். உணவை ஒழித்தலாவது குறைத்தலாவது அதன் வாயில். முக்கரணங்களாலும் அன்போடு இறைவனை வழிபடுதல் அதன் பயன். ஒழித்தலோடு குறைத்தலையும் உடன்வைத்தமை கருதற்பாலது. கந்தசட்டிக்கும் ஆறுநாளும் உபவசிக்க மாட்டாதார் முதலைந்து நாளும் ஒருபொழுதுண்டு சட்டியன்று உபவசிக்கலாமென அந்நூல் வழிவகுத்திருக்கின்றது. எனவே, உணவொறுத்தல் நோக்கத்திற்கும் பயனுக்கும் இடைநிற்கும் கருவி மாத்திரையேயன்றித் தானே பயனாகாது. கருவி நோக்கத்தைக் கெடுக்குமிடத்து அதனைத் தளர்த்துதல் விரதபங்கமாகாது, விரதத்தைக் காத்தலேயாம்.

இனி, உடம்பைச் சித்தாந்தம் எங்ஙனம் மதிக்கின்றது? தனு கரண புவன போகங்கள் ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு இறைவன் மாயையினின்றும் கூட்டிக் கொடுத்தவை. உமாபதி சிவனார் திருவருட்பயனுள், விடியுமளவும் ஒளிதரும் விளக்கிற்கு அம்மாயேயத்தை ஒப்பாக்கினார். விடியலாவது திருவருட்பேறு. அது வருந்துணையும் விளக்கு எரிதல் வேண்டும். எண்ணெயை வற்றச்செய்தலால் விளக்கு அணையுமேயன்றிப் பொழுது விடியாது.

இவ்விளக்கில் மனமும் அடங்கும் என்பதே ஈண்டு மறக்கலாகாதது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் இருபத்துநான்கு ஆன்ம தத்துவங்களுள் வைத்தெண்ணப்படுவன. அவை சடப்பொருள்களே. அவற்றைக் கொண்டு அறிவது உயிர். ஆதலின், உடல் வாடுமிடத்து மனம் கலங்குமாயின், அஃது ஒரு கருவியின் தளர்ச்சி மற்றொரு கருவியைத் தாக்கியதேயாம். அதனைக் கண்டு உயிரின் அன்பு குறைந்தது எனத் துணிதல், விளக்கின் திரி கருகியதைக் கண்டு காண்பான் குருடனாயினான் என்பதனோ டொக்கும்.

இதனை மெய்ப்பிக்கும் ஆய்வொன்று அமெரிக்க நாட்டு மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1945ஆம் ஆண்டு இறுதிவரை நடைபெற்றது. அதனை நடத்தியவர் ஆன்சல் கீஸ் என்னும் உடனூல் அறிஞர். போரிற் படைக்கலம் ஏந்துதல் தம் மனச்சான்றிற்கு ஒவ்வாதென மறுத்த இளைஞர் 36 பேர், போராற் பட்டினியுற்ற மக்கட்கு உதவும் பொருட்டுத் தாமே விரும்பி அதற்கு உடன்பட்டனர். முதல் 12 வாரம் நிறைந்த உணவும், அடுத்த 24 வாரம் ஏறத்தாழ அதிற் பாதியும் அளிக்கப்பட்டன. உருளைக்கிழங்கும் ரொட்டியும் பிற கிழங்குகளுமே அக்காலத்துப் பெரும்பான்மை உணவு. அவர் உடல் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. நாடி தளர்ந்தது, கால் வீங்கியது, மயிர் உதிர்ந்தது, வேனிலினும் குளிர் தோன்றிற்று. உள்ளத்தில் நிகழ்ந்தனவோ இன்னும் வியத்தற்குரியன. நகையாடி ஒழுகியவர் சினமுடையராயினர். கூடிப் பேசியவர் தனிமை நாடினர். பொதுநலம் பேசியவர் உணவொன்றையே பேசினர். சிலர் சமையல் நூல்களைத் தேடித் தேடிப் படித்தனர். விதியை மறைவில் மீறி உண்டு, பின் நாணி வருந்தினாரும் உளர். மீளவும் உணவு பெற்ற பின்னரும், வயிறு நிரம்பியும் பசி தீராத நிலை பலர்க்கு நெடுநாள் நீடித்தது. இவ்வாய்வின் முடிபுகள் 1950இல் இருபெருந் தொகுதிகளாக வெளிவந்தன.

அவ்விளைஞர் மனவுறுதி இல்லாதவரல்லர். தம் கொள்கையின் பொருட்டு நாட்டாரின் பழிப்பையும் பொறுத்தவர். அவரிடத்தும் உள்ளப்போர் எழுந்ததெனின், அப்போர் பசியின் விளைவேயன்றிப் பண்பின் குறையன்று என்பது தெளிவாம். நம் நோன்பாளர் "உள்ளப்போரால் உடல்நோய் வந்தது" எனக் கருதிய இடத்தில், உணவுக்குறையால் உடல்நோயும் உள்ளப்போரும் ஒருங்கே வந்தன என்பதே பெரும்பாலும் உண்மையாம்.

அற்றேல், மனத்தினால் உடல் நோயுறுதல் சிறிதும் இல்லையோ எனின், உண்டு. அச்சமும் துயரும் உறக்கத்தைக் கெடுக்கும், செரிமானத்தைத் தாக்கும், உள்ள நோவை மிகுவிக்கும். எனினும், அத்துணிபிற்கு விரைதல் தகாது. வயிற்றுப்புண் மனக்கவலையின் விளைவென மருத்துவ நூலாரே நெடுங்காலங் கொண்டிருந்தனர். 1982இல் ஆஸ்திரேலிய நாட்டுப் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர் இருவர், இரைப்பையில் வாழும் நுண்ணுயிரொன்றே அந்நோயிற் பெரும்பாலானவற்றிற்குக் காரணமெனக் காட்டும் ஆய்வைத் தொடங்கினர். அதற்காக அவர்க்கு 2005இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. மருந்தால் தீரும் நோயைத் தம் மனக்குற்றமென எண்ணி நொந்தார் எத்துணையர் இருந்திருத்தல் வேண்டும்! அவ்வருத்தம் அவர்க்கு வேண்டாததொரு சுமையே அன்றோ?

சைவ உணவினர் அறிதற்குரிய பிறிதொன்றும் உண்டு. பி12 என்னும் உயிர்ச்சத்துத் தாவர உணவிற் கிடைப்பதில்லை. பாலிலும் தயிரிலும் உண்டு. நோன்பின் கடுமையாற் பாலையும் தயிரையும் பல்லாண்டு துறந்து, அச்சத்தை வேறுவழியாற் பெறாதார்க்குக் கைகால் மரத்தலும், மறதியும், மனவாட்டமும் தோன்றலாம். அம்மனவாட்டத்தை வைராக்கியமென்றோ, அருள் கைவிட்டமையென்றோ மயங்குதல் கூடாது. குருதியை ஆய்ந்து அறியத்தக்கதனை ஊகத்தால் துணிதல் அறிவுடைமையன்று.

"நோய் பிராரத்தமாதலின் நுகர்ந்தே கழித்தல் வேண்டும், மருந்து எற்றுக்கு?" என்பார்க்கு விடை வருமாறு. பிராரத்தம் காரணங்களின் வாயிலாகவே வந்து பொருந்தும். பசியால் வந்த நோய் பிராரத்தமாயின், உணவும் மருத்துவனும் வந்து கூடுதலும் பிராரத்தமே. திருவள்ளுவனார் மருந்து என்றோர் அதிகாரம் வகுத்து, அளவறிந்துண்டலைப் பெரிதும் வற்புறுத்தி, நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநிற்போன் என்னும் நாற்கூற்றையும் முடிபாக வைத்தனர். அன்றியும், ஒருவன் வினை இன்னதென அறிபவன் இறைவன் ஒருவனே. பிறனொருவனது நோயைச் சுட்டி "இஃது உன் வினை" என்பவன் அறியாததனை அறிந்தானாகப் பேசுகின்றான்.

இங்ஙனங் கூறியதனால் உள்ளப்போர் என்பதே இல்லையென்றதன்று. நோன்பினுட் புகும் மெய்யான பகை ஒன்றுண்டு, அஃது அகங்காரம். "யான் இத்துணை நாள் உண்டிலேன்" என்னும் எண்ணம் உணவின்றியே கொழுக்கும். அவ்வெண்ணமே உடல் தளர்ந்தவழி உண்ணவொட்டாது தடுக்கின்றது. நோவைப் பிறர்க்குச் சொல்லவொட்டாது நாணுறுத்துகின்றது. உணவை வேண்டும் உடலன்று பகை. உண்டால் தன் பெருமை குன்றுமே என அஞ்சும் தற்போதமே பகை என்க.

இதற்கு மாறானது திருநாவுக்கரசு நாயனார் வரலாறு. அவர் சூலைநோய்க்கு அக்காலத்து அவர் மேற்கொண்டிருந்த சமண நெறியின் உணவொழுக்கமே காரணமென இக்காலத்தார் சிலர் கருதலாம். சேக்கிழார் பெருமான் அங்ஙனங் கூறினாரல்லர்; திலகவதியார் விண்ணப்பத்திற்கு இரங்கிய இறைவன் ஆட்கொள்ளும்பொருட்டுத் தந்ததென்றே கூறினார். ஆதலின், அதனை உணவின்மேலேற்றி உரைத்தல் நூற்கு மாறாம். நாம் அவ்வரலாற்றிற் கொள்ளற்பாலது வேறொன்று. தருமசேனர் எனப் பெருமதிப்புற்று விளங்கியவர், தம் நோவை மறையாது தமக்கையார்க்குச் சொல்லியனுப்பினார். பின் பாயும் குண்டிகையும் பீலியும் ஒழித்து இரவிற்றானே திருவதிகைக்கு வந்து அவரடி வீழ்ந்தார். தமக்கையார் அவரை வினைசுட்டி இடித்துரைத்திலர். இஃது இறைவனருளே எனத் தேற்றி, எழுகவென்று எழுப்பி, ஐந்தெழுத்தோதித் திருநீறளித்தனர். நோயுற்றார் கொள்ளவேண்டிய நெறியும், நோயுற்றாரைச் சார்ந்தார் கொள்ளவேண்டிய நெறியும் இதன்கண் அடங்கின.

ஆகவே, நோன்பிடை நோயுற்ற அன்பர் முதலில் அதனைக் குருவினிடத்தும் மருத்துவரிடத்தும் மறையாது உரைத்தல் வேண்டும். நீரிழிவிற்கு மருந்துண்பாரும் கருவுற்றாரும் முன்னரே மருத்துவரை வினவாது உபவசித்தல் தகாது. பலநாள் உண்ணாதிருந்தார் ஒருங்கே பேருணவு கொள்ளின், குருதியின்கண் உள்ள உப்புச்சத்துக்கள் திடீரெனக் குறைந்து உயிர்க்கும் இடர் நேரலாமாதலின், மருத்துவர் மேற்பார்வையிற் சிறிது சிறிதாகவே உண்ணல் வேண்டும். உடல் தேறியபின்னரும் மனம் அமைதியுறாதாயின், அப்பொழுது உள்ளத்தை ஆராய்தல் முறையாம். மடங்களிற் பயிலும் இளையோரிடத்து இம்முறையைப் போதித்தல் பெரியோர் கடன்.

உண்ணாதிருந்து உணவையே நினைத்தலினும், அளவின் உண்டு சிவனை நினைத்தல் நன்று. விடியல் அவன் தருவது. அதுகாறும் விளக்கைப் பேணுதல் நம் பணியாம்.

திருச்சிற்றம்பலம்.