பாடம் 9: ஊர்ப்பணம்

நுழைவாயில்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் வாழையிலையும் மல்லிகைச் சரமும் காபித்தூளும் கிடைக்கும். அங்குத் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து செல்லும் சாலையை அமைத்தவர் யார்? மாலையில் எரியும் தெருவிளக்குக்கு மின்கட்டணம் செலுத்துபவர் யார்? காலையில் குழாயில் வரும் நீரைத் தூய்மை செய்பவர் யார்? இவ்வினாக்களுக்கான விடையை இப்பாடத்தில் காண்போம்.

1. மழையும் பம்பு நிலையமும்

கொல்கத்தா தாழ்வான சமவெளியில் அமைந்த நகரம். மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகின்றது. ஆயினும் நகரின் நிலம் ஆற்றை நோக்கிச் சரியாமல், கிழக்கே உள்ள சதுப்பு நிலங்களை நோக்கியே சரிகின்றது. ஆகவே ஆடி, ஆவணி மாதங்களில் பெருமழை பெய்தால் நீர் தானாக வடிந்து ஆற்றில் கலப்பதில்லை. நிலத்தடியில் செங்கல்லால் கட்டப்பட்ட பெரிய வடிகால்கள் அந்நீரைச் சேர்க்கின்றன. பாமர் பஜார் முதலிய இடங்களில் உள்ள பம்பு நிலையங்கள் அதனை இறைத்து வெளியேற்றுகின்றன.

பம்பு நின்றால் தெருவில் நீர் நிற்கும். தேங்கிய நீரில் கொசு பெருகும். கொசுவால் டெங்கு பரவும். பம்பை இயக்க மின்சாரம் வேண்டும். அதனைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும். வடிகாலில் சேரும் சேற்றை அகற்றுவோர்க்கு ஊதியம் வேண்டும். இவை அனைத்திற்கும் பணம் வேண்டும். அப்பணத்தின் ஒரு பெரும் பங்கு, நகரில் வீடும் கடையும் நிலமும் உடையோர் செலுத்தும் சொத்து வரியிலிருந்து வருகின்றது.

2. மூன்று ஆட்சிகள், மூன்று கருவூலங்கள்

இந்தியக் குடிமக்கள் செலுத்தும் வரிகள் யாவும் ஒரே இடத்தில் சேர்வதில்லை. ஊதியம் பெறுவோர் செலுத்தும் வருமான வரியை நடுவணரசு திரட்டுகின்றது. வீட்டை விற்கும்போதும் வாங்கும்போதும் செலுத்தும் முத்திரைத்தாள் கட்டணம் மாநில அரசைச் சேர்கின்றது. வீட்டின் மீது விதிக்கப்படும் சொத்து வரியோ அவ்வூரின் நகராட்சியையோ மாநகராட்சியையோ சேர்கின்றது.

அமெரிக்கா முதலிய நாடுகளில் மாவட்டக் கருவூல அலுவலகம் சொத்து வரியைத் திரட்டி, பள்ளிகளுக்கும் நகரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது உண்டு. கொல்கத்தாவில் அப்பணியை மாநகராட்சியே செய்கின்றது. 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் நகராட்சிகளுக்குத் தனியிடம் அளித்தது. மாநிலச் சட்டம் அனுமதிக்கும் வரிகளை விதிக்கவும் திரட்டவும் அவற்றுக்கு வழி வகுத்தது.

கொல்கத்தா மாநகராட்சியில் 144 வார்டுகள் உள்ளன. அவை 16 பரோக்களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. மாநகராட்சியின் தலைமை அலுவலகம் சுரேந்திரநாத் பானர்ஜி சாலையில் உள்ளது.

3. குலுக்குச் சீட்டில் எழுந்த நகரம்

நகரச் செலவுக்கு வரியே வழி என்பது தொடக்கத்திலேயே உறுதியாகிவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் கொல்கத்தாவின் பல பணிகள் குலுக்குச் சீட்டுப் பணத்தால் நடந்தன. 1813ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபத்திற்கு அவ்வாறே பணம் சேர்ந்தது. 1817ஆம் ஆண்டு குலுக்குச் சீட்டுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழுவின் பணத்தால் நகரின் வடக்கிலும் நடுவிலும் பெரிய சாலைகள் அமைந்தன. 1836ஆம் ஆண்டளவில் அம்முறை முடிவுக்கு வந்தது. சீட்டு எத்தனை விற்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. நாள்தோறும் தெருவைக் கூட்டுவதற்கு நாள்தோறும் நம்பத்தக்க வருவாய் வேண்டும். அதனால் வீட்டு வரியே நகர வருவாயின் தூணாயிற்று.

பணம் திரட்டுவது ஒரு கடமை. அதற்குக் கணக்கு வைப்பது மற்றொரு கடமை. 1752ஆம் ஆண்டு ஜான் செபனையா ஹோல்வெல் என்னும் ஆங்கிலேயர் கொல்கத்தாவின் வருவாய்ப் பொறுப்பை ஏற்றார். அவருக்கு முன் பல்லாண்டுகளாக அவ்வேலையை நடத்தி வந்த துணை அலுவலர் கோவிந்தராம் மித்ராவிடம் அவர் பழைய கணக்குகளைக் கேட்டார். கணக்கேடுகளில் ஒரு பகுதி 1737ஆம் ஆண்டின் பெரும்புயலில் போயிற்று என்றும், மறுபகுதியைக் கறையான் தின்றது என்றும் விடை வந்தது. விடை மெய்யோ பொய்யோ, ஏடு இல்லாதபோது அதனை மெய்ப்பிக்கவும் இயலவில்லை, மறுக்கவும் இயலவில்லை. கணக்கு இல்லாத இடத்தில் நேர்மையானவரும் ஐயத்திற்கு ஆளாவார். தவறு செய்தவரும் தப்பிவிடுவார்.

பின்னர் நகர ஆட்சி மெல்ல மெல்ல மக்கள் கைக்கு வந்தது. சுரேந்திரநாத் பானர்ஜி கொண்டுவந்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1924இல் சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயரானார். அப்போது 27 வயதே ஆகியிருந்த சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அலுவலராகப் பொறுப்பேற்றார். இன்று நடைமுறையில் உள்ளது 1980ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் ஆகும். அது 1984இல் நடைமுறைக்கு வந்தது.

4. வரி எவ்வாறு கணக்கிடப்படுகின்றது?

முன்பு ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதன்மேல் வரி விதித்தனர். இம்முறையில் மதிப்பீட்டு அலுவலரின் கருத்துக்கு மிகுந்த இடம் இருந்தது. ஒரே தெருவில் ஒரே அளவுள்ள இரு வீடுகளுக்கு வெவ்வேறு வரி வருவதும் உண்டு. குறைவாகச் செலுத்துபவர் வாய் திறவார். மிகுதியாகச் செலுத்துபவர் வருந்துவார்.

இக்குறையைக் களைய, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து அலகுப் பரப்பு மதிப்பீட்டு முறை கொண்டுவரப்பட்டது. இதன்படி நகரின் பகுதிகள் ஏழு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு வகைக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என ஓர் அடிப்படை மதிப்பு அறிவிக்கப்பட்டது. 2017இல் முதல் வகைக்கு அம்மதிப்பு 74 ரூபாயாகவும், ஏழாம் வகைக்கு 13 ரூபாயாகவும் இருந்தது. ஏழை மக்கள் வாழும் பஸ்திகள் ஏழாம் வகையில் வைக்கப்பட்டன.

அடிப்படை மதிப்பு மட்டும் போதாது. பழைய கட்டடமும் புதிய கட்டடமும் ஒன்றல்ல. அகன்ற சாலையில் உள்ள வீடும் குறுகிய சந்தில் உள்ள வீடும் ஒன்றல்ல. குடியிருப்பும் கடையும் ஒன்றல்ல. உரிமையாளரே வாழும் வீடும் வாடகைக்கு விட்ட வீடும் ஒன்றல்ல. ஆகவே கட்டடத்தின் வயது, அமைவிடம், பயன்பாடு, கட்டுமான வகை, குடியிருப்பு நிலை ஆகியவற்றுக்கெனத் தனித்தனிப் பெருக்கெண்கள் உள்ளன.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். இதிலுள்ள எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டுமே தரப்படுகின்றன.

வீட்டின் பரப்பு: 800 சதுர அடி
அடிப்படை மதிப்பு: சதுர அடிக்கு 20 ரூபாய்
வயதுக்கான பெருக்கெண்: 0.9 (மற்றவை 1)
ஆண்டு மதிப்பு: 800 × 20 × 0.9 = 14,400 ரூபாய்
வரி விகிதம் 10 விழுக்காடு எனில், ஆண்டு வரி: 1,440 ரூபாய்
காலாண்டு வரி: 1,440 ÷ 4 = 360 ரூபாய்

இம்முறையில் உரிமையாளரே தம் வீட்டின் அளவையும் பயன்பாட்டையும் படிவத்தில் எழுதி, தம் வரியைத் தாமே கணக்கிட இயலும். ஒவ்வொரு சொத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. காலாண்டுக்கு ஒருமுறை வரி செலுத்தலாம். உரிய நாளுக்குள் செலுத்துவோர்க்கு 5 விழுக்காடு தள்ளுபடி உண்டு. காலம் தாழ்த்துவோர்க்கு வட்டி சேரும்.

மாநகராட்சியின் மதிப்பீடு தவறு என்று எண்ணுபவர் வாளாவிருக்க வேண்டியதில்லை. விசாரணை அலுவலர் முன் தம் தரப்பை எடுத்துரைக்கலாம். அங்கும் நிறைவு ஏற்படாவிடில், நகராட்சி மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். வரி செலுத்துவது கடமை. முறையற்ற வரியை மறுத்துக் கேட்பது உரிமை.

5. பணம் எங்கே செல்கின்றது?

வரியாக வரும் பணமும், வணிக உரிமக் கட்டணமும், சந்தைக் கடைகளின் வாடகையும், அரசு தரும் மானியமும் நகராட்சி நிதியில் சேர்கின்றன. 1874இல் திறக்கப்பட்ட நியூ மார்க்கெட் மாநகராட்சிக்கே உரியது. லேக் மார்க்கெட்டும் அவ்வாறே.

ஒரு வீட்டில் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் மருந்துக்கும் தனித்தனியே பணம் எடுத்து வைப்பதுபோல், சட்டம் நகராட்சி நிதியையும் கணக்குகளாகப் பிரிக்கின்றது. குடிநீர், கழிவுநீர், வடிகாலுக்கு ஒரு கணக்கு, சாலைக்கு ஒன்று, பஸ்திச் சேவைக்கு ஒன்று, வணிகத் திட்டங்களுக்கு ஒன்று, ஏனைய பணிகளுக்குப் பொதுக் கணக்கு ஒன்று.

குடிநீரையே எடுத்துக்கொள்வோம். பல்தாவில் ஹூக்ளி ஆற்று நீர் தூய்மை செய்யப்படுகின்றது. அந்நீர் குழாய்வழி தாலா நீர்த்தேக்கத் தொட்டிக்கு வருகின்றது. 1911இல் கட்டி முடிக்கப்பட்ட அத்தொட்டி 110 அடி உயரத்தில் நின்று 90 லட்சம் காலன் நீரைத் தாங்குகின்றது. நூறாண்டு கடந்தும் அது பயன்படுவதற்குக் காரணம், கட்டியவர்களின் திறம் மட்டுமன்று. அதனை ஆண்டுதோறும் பேணுவதற்குச் செலவிட்ட ஊர்ப்பணமும் ஆகும்.

ஒவ்வோர் ஆண்டும் மேயர் வரவு செலவுத் திட்டத்தை மன்றத்தில் வைக்கின்றார். மன்ற உறுப்பினர்கள் அதனை ஆராய்ந்து வாக்களிக்கின்றனர். செலவு முடிந்தபின் கணக்குகள் தணிக்கைக்கு உட்படுகின்றன. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கீழ் இயங்கும் உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கை அலுவலர் அவற்றைச் சரிபார்க்கின்றார். எழுதுபவர் ஒருவர், செலவிடுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என இருப்பதே ஊர்ப்பணத்திற்குக் காவல்.

6. தமிழ் மரபில் ஊர்க்கணக்கு

இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை ஊர்ச்சபைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பல குழுக்கள் இருந்தன. குடவோலை முறையில் ஆண்டுதோறும் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும் அவர்கள் இருத்தல் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் இடம்பெறத் தகுதியற்றவர் ஆயினர்.

அவ்விதிகள் அக்காலத்து எல்லா மக்களுக்கும் இடமளிக்கவில்லை. நிலமற்றோரும் பெண்களும் அச்சபையில் அமர இயலவில்லை. இன்று கொல்கத்தாவில் பஸ்தியில் வாழ்பவர்க்கும் மாளிகையில் வாழ்பவர்க்கும் வாக்கு ஒன்றே. ஆனால் உத்திரமேரூர் கூறிய ஒரு விதி இன்றும் மாறவில்லை: கணக்குக் காட்டாதவரிடம் ஊர்ப்பணத்தை ஒப்படைக்கலாகாது.

அருஞ்சொற்பொருள்

கருவூலம் – அரசின் பணம் காக்கப்படும் இடம்
சதுப்பு நிலம் – நீரும் சேறும் நிறைந்த தாழ்நிலம்
பஸ்தி – ஏழை மக்கள் நெருங்கி வாழும் குடியிருப்பு
தணிக்கை – கணக்கைச் சரிபார்த்தல்
வாளாவிருத்தல் – பேசாதிருத்தல்
வாரியம் – ஊர்ச்சபையின் குழு
வேலி – பழைய நில அளவு

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கொல்கத்தா மாநகராட்சியில் ______ வார்டுகள் உள்ளன.
2. அலகுப் பரப்பு மதிப்பீட்டு முறை ______ஆம் ஆண்டு தொடங்கியது.
3. கொல்கத்தாவின் முதல் மேயர் ______.
4. தாலா தொட்டி ______ அடி உயரத்தில் உள்ளது.

ஆ. பொருத்துக.
1. வருமான வரி – மாநில அரசு
2. முத்திரைத்தாள் கட்டணம் – மாநகராட்சி
3. சொத்து வரி – நடுவணரசு

இ. பிரித்து எழுதுக.
ஊர்ப்பணம், கணக்கேடு, தெருவிளக்கு, குடவோலை

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கொல்கத்தாவில் மழைநீர் தானாக ஆற்றில் வடியாதது ஏன்?
2. குலுக்குச் சீட்டுப் பணம் நகரச் செலவுக்கு ஏற்றதன்று எனக் கூறுவது ஏன்?
3. வரி மதிப்பீடு தவறு என எண்ணுபவர் என்ன செய்யலாம்?

உ. கணக்கிடுக.
பாடத்தில் வந்த எடுத்துக்காட்டு வீட்டின் உரிமையாளர் காலாண்டு வரியை உரிய நாளுக்குள் செலுத்துகின்றார். அவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி எவ்வளவு? அவர் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு?

ஊ. சிந்தித்து ஒரு பத்தி எழுதுக.
ஹோல்வெல் கேட்ட கணக்கேடுகள் கிடைத்திருந்தால் எவர்க்கெல்லாம் நன்மை விளைந்திருக்கும்?

எ. செயல்பாடு
வீட்டிற்கு வந்த சொத்து வரிச் சீட்டையோ, வாடகை வீடாயின் குடிநீர், குப்பை அகற்றல் முதலிய நகரச் சேவைகளையோ பெற்றோருடன் அமர்ந்து ஆராய்க. ஒரு வாரத்தில் ஊர்ப்பணத்தால் கிடைத்த ஐந்து பயன்களைத் தமிழில் பட்டியலிட்டு வகுப்பில் படித்துக் காட்டுக.