பலகைத் தரைக்கு ஆயுள் நூறு வருடமா?

“மரத்துக்கு நூறு வருஷம்தானாமே ஆயுசு? அதுக்கு மேல தானா மக்கிடுமாமே?”

நீலகிரியில் பழைய பங்களா வாங்கியவர்கள், பாட்டன் சொத்தாகப் பெற்றவர்கள், அதை விடுதியாக்கப் போகிறவர்கள் என்று எல்லோரும் என்னிடம் இதையே கேட்கிறார்கள். யார் சொன்னது என்றால் மேஸ்திரி சொன்னார், டைல்ஸ் கடைக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டில் அப்படித்தான் பிடுங்கினார்கள் என்று பதில் வரும். இந்தப் பேச்சை நம்பிக் குன்னூரிலும் கோத்தகிரியிலும் பெயர்த்துப் போட்ட தேக்குப் பலகைகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவை இன்னும் பல தலைமுறை நடந்திருக்கக்கூடிய பலகைகள். பொறுமையாக விளக்கி விளக்கி அலுத்துவிட்டது.

அப்படி ஒரு கெடு மரத்துக்குக் கிடையாது. ஆசாரிகள் வைரம் என்று சொல்கிற நடுப்பகுதி, மரம் காட்டில் நிற்கும்போதே உயிரை விட்டுவிட்ட செல்களால் ஆனது. தேக்கு தன் எண்ணெய்ப் பசையையும் பூச்சிகளை விரட்டும் வேதிப்பொருள்களையும் அங்கேதான் சேர்த்து வைக்கிறது. வெட்டுவதற்கு முன்பே உயிரில்லாத ஒன்று, வெட்டி நூறு வருடம் கழித்து வயதாகிச் சாவது எப்படி? மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. பூஞ்சைக்குத் தண்ணீர் வேண்டும். மரத்தின் உலர் எடையோடு ஒப்பிட அதிலுள்ள ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சை வளராது. கூரை ஒழுகாமல், அடியில் காற்று நடமாடுகிற வீட்டில், மலையில்கூடப் பலகையின் ஈரம் பெரும்பாலும் அந்த அளவைத் தொடுவதில்லை. காலண்டர் மரத்தை ஒன்றும் செய்யாது. தண்ணீர்தான் செய்யும்.

நூறு வருடக் கணக்குச் சொல்கிறவர்கள் லோனாவாலா அருகே கார்லே குகைக்குப் போய் அண்ணாந்து பார்க்கட்டும். அந்தப் பௌத்தச் சைத்தியத்தின் வளைந்த கூரையில் பொருத்திய மர விலாக்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக அங்கேயே இருக்கின்றன. சகியாத்திரி மலையில் மழைக்குப் பஞ்சமில்லை. பாறைக் கூரை நனையவிடவில்லை, அவ்வளவுதான். ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலில் ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூண் 594-ல் வெட்டிய மரம் என்று அதன் ஆண்டு வளையங்களைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். இரண்டு பருவமழையும் கொட்டுகிற குமரி மாவட்டத்தில் நானூறு வருடத்துக்கு மேல் பழமையுள்ள மரவேலை அங்கே நிற்கிறது. சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரையும் அகன்ற இறவாரமும் மழையை மரத்தின் பக்கம் அண்டவிடவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் நம்பாதவர்களுக்கு ஒரு கேள்வி. “பலகையெல்லாம் செத்துப்போச்சுங்க, பிடுங்கின மரத்தை நாங்களே எடுத்துக்கறோம், கூலியில கழிச்சுக்கலாம்” என்று ஒப்பந்தக்காரர் சொல்வாரே, செத்த மரத்தை அவர் எதற்காகக் கூலியில் கழித்து எடுத்துக்கொள்கிறார்? பழைய தேக்குக்கு நல்ல சந்தை இருக்கிறது. காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒருமுறை நடந்தாலே புரியும்: இடித்த வீடுகளின் தூணும் கதவும் சட்டமும் அங்கே விலைக்குக் காத்திருக்கின்றன. மக்கிப்போன மரத்துக்கு யாரும் விலை கேட்பதில்லை. உங்கள் காலடியில் இருப்பது இன்றைக்குக் கடையில் கிடைக்காத சரக்கு. அவசரத் தோட்டத்தில் வளர்ந்து இளமையிலேயே வெட்டப்படுகிற தேக்கில் வைரம் குறைவு, அதைச் சுற்றியுள்ள வெள்ளை அதிகம். அந்தப் பலகையை வாங்கிப் பழையதுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

தரை நல்லதா கெட்டதா என்று அறிய பெரிய கருவி வேண்டாம். ஒரு திருப்புளி போதும். அதன் முனையை மரத்தின் ஓட்டத்துக்குக் குறுக்கே குத்தி நெம்புங்கள். நல்ல மரம் முரண்டு பிடிக்கும், நீளமான சிம்பாகப் பிய்ந்து வரும். மக்கிய மரம் சத்தமே இல்லாமல் பொட்டென்று குட்டையாக உடையும், விரலில் தேய்த்தால் தூளாகும். பலகையின் மேல்முகத்தைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். பல காலத்து மெழுகும் புகையும் செருப்பு மண்ணும் சேர்ந்து அது கன்னங்கரேலென்று இருக்கும். அந்த இடத்தில் இழைப்புளியை நாலு தள்ளு தள்ளினால் கறுப்புச் சுருள் உதிர்ந்து, அடியில் தேன் நிறத்தில் மரம் தெரியும். பதனிட்ட தோல் போன்ற தேக்கு வாசனையும் எழும். அதே பலகையைக் கழற்றித் திருப்பினால் ரம்பப் பல் பட்ட கோடுகள் நேற்று அறுத்ததுபோல இருப்பதைப் பார்க்கலாம்.

உண்மையில் கெட்டுப்போவது எது? பலகையைத் தாங்கும் சட்டத்தின் நுனி. கல் சுவருக்குள் செருகியிருக்கும் கடைசி அரை அடி, முக்கால் அடி. சுவரில் ஊறும் ஈரத்தை அந்த நுனி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது கறுத்து, சின்னச் சின்னக் கட்டமாக வெடித்து, ஒருநாள் சட்டம் இறங்கும். மேலே தரை ஓர் ஓரத்தில் தொய்யும். அதைப் பார்த்ததும் முழு அறையையும் பிடுங்கச் சொல்கிறார்கள். தேவையே இல்லை. நல்ல மரம் வரும்வரை நுனியை அறுத்து எறிந்துவிட்டு, பக்கத்தில் அதே கனத்தில் ஒரு புதுச் சட்டத்தை வைத்து போல்ட் போட்டு இணைக்கலாம், அல்லது சுவரோரம் ஒரு குட்டைத் தூண் கட்டித் தாங்கலாம். புது நுனி சுவரைத் தொடாமல் விரற்கடை இடைவெளி விட வேண்டும். நல்ல ஆசாரி இருந்தால் ஓர் அறைக்குச் சில நாள் வேலை. பலகைகளில் எண் எழுதிக் கழற்றி, அதே வரிசையில் திரும்ப அடித்துவிடலாம்.

ஈரம் அங்கே ஏன் சேர்ந்தது என்பதுதான் அடுத்து கேட்க வேண்டியது. வெள்ளைக்காரர் காலத்து மலை வீடுகளில் தரை மண்ணில் படுத்திருக்காது. குட்டைச் சுவர்கள், அவற்றின் மேல் சட்டங்கள், சட்டங்களின் மேல் பலகை. அடியில் ஒரு முழம், இரு முழம் வெற்றிடம். வெளிச்சுவரின் அடியில் வரிசையாகச் சல்லடை வைத்த ஓட்டைகள் இருக்கும். மண்ணிலிருந்து கிளம்பும் ஈரம் அந்த ஓட்டைகள் வழியே காற்றோடு போய்விடும். தரையின் உயிர்நாடியே அதுதான். அதைத்தான் எல்லோரும் முதலில் அடைக்கிறார்கள்! குளிர் வருகிறது என்று ஒருவர், எலி வருகிறது என்று ஒருவர், பெயின்ட் அடிக்கும்போது அசிங்கமாக இருக்கிறது என்று ஒருவர். மேலே பிவிசி விரிப்பையும் ஒட்டிவிடுவார்கள். அடியிலும் மேலும் மூச்சு முட்டிய பலகை சில மழைக்காலத்தில் அழுகும். பிறகு “நான்தான் சொன்னேனே, நூறு வருஷம்தான்” என்பார்கள். எலிக்குப் பயந்தால் இரும்புச் சல்லடை போடுங்கள், சிமென்டு வேண்டாம்.

பலகையைப் பிடுங்கி, பள்ளத்தில் மண்ணடித்து, கான்கிரீட் ஊற்றி டைல்ஸ் போட்ட வீடுகள் என்ன ஆகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அடிமண்ணின் ஈரம் எங்கும் போய்விடவில்லை. காற்றோடு போக வழியில்லாமல் சுவர் வழியே ஏறுகிறது. இடுப்புயரம்வரை சுண்ணாம்புப் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. உறைபனி விழும் ஜனவரியில் அந்த டைல்ஸ் மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்கள் பலகைத் தரையின் அருமையைத் தாமாகவே சொல்வார்கள்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

பர்மா தேக்கைக் கரையான் தொடாது என்பது பாதி உண்மை. வைரத்தை அது லேசில் தொடாது; ஓரத்தில் வெள்ளை இருந்தால் அதை மட்டும் அரித்துக் காகிதம்போல் விட்டுவைக்கும். மேலே தேக்கு போட்டவர்கள் கீழே சட்டத்துக்கு மலிவான மரம் போட்டிருப்பதும் உண்டு. கீழே இறங்கிப் பாருங்கள். குட்டைச் சுவரில் மண் குழாய் ஏறியிருந்தால் உடைத்துவிட்டு, மருந்தடிக்கிறவரைக் கூப்பிடுங்கள். பழைய கட்டடத்துக்கென்றே இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 6313-இன் மூன்றாம் பகுதி இருக்கிறது, அதன்படி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கழிவு எஞ்சின் ஆயிலைப் பூசினால் பூச்சி வராது என்பது அபாயம். தோலுக்கும் மூச்சுக்கும் கேடு, தீப்பற்றும், அந்த நாற்றமும் கறையும் போகவே போகாது. மரத்தைக் காக்கும் தாமிர, குரோமிய, ஆர்சனிக் கலவையை 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்தி காமேசம் உருவாக்கி உலகத்துக்கே கொடுத்தார். அந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒர்க்‌ஷாப் கழிவை வீட்டுக்குள் ஊற்றுகிறோம். ஆர்சனிக் கலந்ததும் வீட்டுக்குள் வேண்டாம். போரிக் அமிலமும் போராக்ஸும் சுடுதண்ணீரில் கரைத்து, காய்ந்த சட்டங்களுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று கை பூசினால் போதும். நனைகிற இடத்தில் அது கரைந்து போய்விடும் என்பதால் முதலில் ஒழுகலை நிறுத்துங்கள்.

நடந்தால் சத்தம் வருகிறது, அதனால் இடியப் போகிறது என்பது வெறும் பயம். ஆணி தளர்ந்து பலகை அதில் உரசுகிறது. ஆணிக்குப் பக்கத்தில் ஒரு திருகாணி போட்டால் அடங்கும்.

பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கைப் பட்டி வைத்து அடைக்கச் சொல்கிறவர்கள் கோடையில் மட்டும் வீட்டைப் பார்த்தவர்கள். ஆறு அங்குலப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் இடையே அகலத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். இடுக்கு அதற்காக இருக்கிறது. கோடையில் கெட்டியாக அடைத்துவிட்டால் மழையில் பலகை போக இடமில்லாமல் மேலே எழும்பும்.

மெஷின் வைத்துச் சுரண்டினால்தான் புதுசாகும் என்பதில் கவனம் தேவை. நாக்கு வைத்துக் கோத்த பலகையில் நாக்குக்கு மேல் உள்ள மரம் கால் அங்குலத்தைச் சற்று ஒட்டித்தான் இருக்கும். கனத்த மெஷின் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். இரண்டு மூன்று முறைக்கு மேல் தரை தாங்காது. அழுக்கை மட்டும் எடுங்கள், ஆணிகளை உள்ளே தட்டிவிட்டுக் கையால் உப்புத்தாள் போடுங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பியூ பூச்சு முதல் வருடம் அழகு. கீறல் விழுந்தால் ஒட்டுப் போட முடியாது, முழுத் தரையையும் மறுபடி சுரண்ட வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

தினமும் பினாயில் கலந்த தண்ணீர் ஊற்றித் துடைப்பதும் வேண்டாம். பிழிந்த துணி போதும்.

காற்றோட்ட ஓட்டைகளைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அது வீட்டுக்காரர் கையில் இல்லை. மலையானாலும் சமவெளியானாலும், பழைய தாரை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. சாலையை ஒட்டிய பழைய வீடுகளில் முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த ஓட்டைகள் இப்போது சாலை மட்டத்துக்குக் கீழே. மழைத்தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் அந்த வழியாக உள்ளே இறங்குகிறது. அப்படிப்பட்ட வீட்டில் எந்த மருந்தும் எந்த மெழுகும் நிற்காது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசே அறிவுறுத்தியது. எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் சுரண்டாமல்தான் போட்டார்கள். சாலை வேலை தொடங்குகிற அன்று காலையிலேயே வெளியே வாருங்கள். உங்கள் வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, படம் எடுத்து, வேலை நடத்துகிற பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கொடுத்தால் சுரண்டும் வண்டி வருகிறது.