பழைய 7 இன்ச் டேப்லெட்டும் ஒரு கம்ப்யூட்டர்தான்

முதல் வருஷம் சேர்ந்தவுடனே எல்லார்கிட்டயும் வர்ற கேள்வி: "லேப்டாப் வாங்கிட்டியா?" வாங்காதவங்க பேச்சை மாத்திடுவாங்க. ஃபீஸுக்கே கடன் வாங்கின வீட்ல, அடுத்து லேப்டாப்புக்கு ஒரு இ.எம்.ஐ. போடச் சொல்லிக் கேக்க மனசு வராது. ஆனா அதே வீட்டு பீரோவுல அண்ணனோ அக்காவோ விட்டுட்டுப் போன ஒரு பழைய டேப்லெட் தூங்கிட்டு இருக்கலாம். அதை வச்சு ஒரு செமஸ்டர் ஓட்ட முடியுமா? பெரும்பாலும் முடியும். எதுவரைக்கும் முடியும், எங்க முடியாதுன்னு பார்ப்போம்.

முதல்ல கொஞ்சம் வரலாறு

இந்த யோசனை புதுசு இல்ல. 2011 அக்டோபர் 5-ம் தேதி மத்திய அரசு 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டுச்சு. டேட்டாவிண்ட் கம்பெனி தயாரிப்பு. 7 இன்ச் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம், ஆண்ட்ராய்டு 2.2. அழுத்தித் தொட்டாதான் வேலை செய்யுற ரெசிஸ்டிவ் டச். மெதுவா இருக்கு, சார்ஜ் நிக்கலைன்னு புகார் குவிஞ்சுது. அடுத்த வருஷம் நவம்பர் 11-ல ஆகாஷ் 2 வந்துச்சு: 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ரேம், ஆண்ட்ராய்டு 4.0. ஐஐடி பாம்பே வழியா இது இன்ஜினியரிங் காலேஜ்களுக்குப் போச்சு. அதுலயே சி, சி++, பைத்தான், சைலேப் புரோகிராம் எழுதி ஓட்டுற ஆப் ஒண்ணையும் அங்க செஞ்சாங்க. 512 எம்பி-லயே கோடிங் லேப் நடத்த முடியும்னு யோசிச்சிருக்காங்க. உங்க பீரோவுல இருக்கிற டேப்லெட் அதைவிட பல மடங்கு வேகமாதான் இருக்கும்.

அந்தக் கால ஆண்ட்ராய்டுல தமிழ் கட்டம் கட்டமா தெரியும். ஓபரா மினியில ஒரு செட்டிங் மாத்தி, எழுத்தைப் படமா வரவழைச்சுப் படிச்சாங்க. தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூணும் ஆண்ட்ராய்டு 4.1-ல தான் முறையா வந்துச்சு. வீட்ல தமிழ், கடைத்தெருவுல தெலுங்குன்னு வளர்ற நம்ம திருத்தணிப் பசங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல. அதனால 4.1-க்குக் கீழ இருக்கிற டேப்லெட்டுன்னா அங்கேயே நிறுத்திக்கலாம்.

டேப்லெட் ஏன் கிழடாகுது?

வாங்கின புதுசுல பறந்த டேப்லெட் இப்ப ஏன் நொண்டுது? மூணு காரணம்.

1. ஸ்டோரேஜ். ஃபிளாஷ் மெமரியில எழுதுறது சின்னச் சின்ன பேஜா நடக்கும். அழிக்கிறது பெரிய பிளாக்காதான் நடக்கும். நீங்க ஒரு ஃபைலை டெலிட் பண்ணாலும், "இந்த இடம் காலி"ன்னு சிஸ்டம் சொல்லாத வரைக்கும் சிப்புக்குத் தெரியாது. பழைய குப்பையையும் சேர்த்துச் சுமந்து நகர்த்திட்டே இருக்கும். அப்படிச் சொல்ற வேலைக்குப் பேர் டிரிம். ஆண்ட்ராய்டுல இது 2013-ல வந்த 4.3-ல இருந்துதான் தானா நடக்குது. அதனால, ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க, 3–4 ஜிபி எப்பவும் காலியா வைங்க. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

2. சர்டிஃபிகேட். "இந்தத் தளம் பாதுகாப்பானது இல்ல"ன்னு எல்லாத் தளத்துக்கும் வருதா? முதல்ல தேதியைப் பாருங்க. பேட்டரி செத்துக் கிடந்த டேப்லெட்டுல தேதி பின்னாடி போயிருக்கும். தேதி சரியா இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்கலைன்னா, காரணம் வேற. ஏராளமான தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் சர்டிஃபிகேட்டை நம்பி ஓடுது. அதோட ரூட், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தின சாதனங்கள்ல கிடையாது. அதுவரை தாங்கிப் பிடிச்ச பழைய ரூட் 2021 செப்டம்பர் 30-ல காலாவதி ஆச்சு. தற்காலிகமா செஞ்ச ஏற்பாடும் 2024-ல முடிஞ்சுது. தீர்வு ஃபயர்ஃபாக்ஸ். அது சிஸ்டத்தை நம்பாம தன்னோட ரூட் பட்டியலைத் தானே வச்சிருக்கு. உங்க ஆண்ட்ராய்டுக்குக் கிடைக்கிற கடைசி வெர்ஷனைப் போட்டுக்கோங்க.

3. பேட்டரி. லித்தியம்-அயன் பேட்டரிக்கு வெயில்தான் எதிரி. வானிலை அறிக்கையில 40 டிகிரி தாண்டின ஊர்கள்னு சொன்னா திருத்தணி பேர் அடிக்கடி வரும். ஜன்னலோரம் வெயில்ல சார்ஜ் போடாதீங்க. ராத்திரி முழுக்க செருகியே வைக்காதீங்க. பின்பக்க மூடி லேசா தூக்கியிருந்தா பேட்டரி உப்பிடுச்சுன்னு அர்த்தம். குத்தி, அமுக்கிப் பார்க்கவே கூடாது. உடனே ஆஃப் பண்ணிட்டு சர்வீஸ் ஆள்கிட்ட காட்டுங்க. பேட்டரி மாத்த முடியலைன்னா குப்பைத்தொட்டியில போடாம இ-வேஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க.

சின்னத் திரையில படிக்கிற கணக்கு

"7 இன்ச்ல பிடிஎஃப் படிச்சா கண்ணு போயிடும்"னு சொல்வாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16:10 திரையை நிமிர்த்திப் பிடிச்சா அகலம் சுமார் 3.7 இன்ச். ஏ4 தாளோட அகலம் 8.27 இன்ச். அதாவது 45 சதவீதமா சுருங்குது. 12 பாயின்ட் எழுத்து 5.4 பாயின்ட்டா தெரியும். மருந்துச் சீட்டு எழுத்து!

இப்ப திரையைப் படுக்க வைங்க: அகலம் 5.9 இன்ச். ரெண்டு பக்கமும் 1 இன்ச் மார்ஜினை வெட்டினா தாள் 6.27 இன்ச். 94 சதவீதம்! அதே எழுத்து 11 பாயின்ட்டுக்கு மேல தெரியும். கிட்டத்தட்ட அச்சுப் புத்தகம் மாதிரி. மார்ஜின் வெட்டுற வசதி இருக்கிற ரீடர் ஆப் ஒண்ணு போதும்.

கோடிங், ரெக்கார்ட், வீடியோ

* ஆண்ட்ராய்டு 7 அல்லது அதுக்கு மேல இருந்தா எஃப்-டிராய்டுல இருந்து டெர்மக்ஸ் போடுங்க. அதுக்குள்ள கிளாங், பைத்தான் ரெண்டையும் இன்ஸ்டால் பண்ணிட்டா முதல் வருஷ சி, பைத்தான் லேப் புரோகிராம் எல்லாம் நெட் இல்லாமலே ஓடும். அதுக்குக் கீழன்னா பிரவுசர்ல ஆன்லைன் கம்பைலர்.
* ஓடிஜி கேபிள்ல சாதாரண யுஎஸ்பி கீபோர்டு. போர்ட் ஒண்ணுதான், டைப் அடிக்கும்போது சார்ஜ் ஏறாது. நீண்ட நேரம் எழுதுறவங்க புளூடூத் கீபோர்டு வாங்கலாம்.
* என்பிடெல் வீடியோக்களை வைஃபை கிடைக்கிற இடத்துலயே இறக்கி வச்சுக்கோங்க. சென்ட்ரல் வரைக்கும் லோக்கல் ட்ரெயின்ல கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். போக வர ரெண்டு கிளாஸ் முடிச்சிடலாம். ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குக் காவடிக் கூட்டம் வர்ற நாள்ல டவர் திணறினாலும் உங்க படிப்பு நிக்காது.
* ஒரே நேரத்துல ஒரு வேலை. 1 ஜிபி ரேம்ல பத்து டேப் திறந்தா ஒண்ணும் நகராது.

எதுக்குத் தொடக் கூடாது?

பேங்க், யுபிஐ, அப்பாவோட நெட் பேங்கிங் எதுவும் இதுல வேண்டாம். உதாரணத்துக்கு, 2013 நெக்ஸஸ் 7-க்குக் கூகுள் கொடுத்த கடைசி ஆண்ட்ராய்டு 6.0.1. அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச ஓட்டைகளை அடைக்க ஆள் இல்ல. முக்கியமான மெயிலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கண்டிப்பா வைங்க.

ஆட்டோகேட், மேட்லேப் மாதிரி கனமான சாஃப்ட்வேரும் கேமரா வச்சுக் கண்காணிக்கிற ஆன்லைன் தேர்வும் இதுல நடக்காது. அதுக்கு காலேஜ் லேப்தான். லேப் நேரத்தைக் கேட்டு வாங்குறதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல. அது நம்ம ஃபீஸ்ல வர்ற உரிமை.

லேப்டாப் தேவையே இல்லைன்னு சொல்ல வரல. மூணாவது வருஷ புராஜெக்ட் வரும்போது தேவைப்படும். ஆனா அது இன்னைக்கே, கடன் வாங்கியே வேணுமான்னு முடிவு பண்ண உங்களுக்கு ரெண்டு வருஷ அவகாசம் கிடைக்குது. இந்த வாரமே அந்த டேப்லெட்டை எடுத்து, பேட்டரி உப்பலைன்னு பார்த்துட்டு சார்ஜ் போட்டு, 'அபவுட் டேப்லெட்'ல ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்னன்னு பாருங்க. உங்க டேப்லெட் எதுவரை வரும்னு பாதி பதில் அந்த ஒரு நம்பர்லயே இருக்கு.