வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில்: சுத்தம் யார் பொறுப்பு?

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விடுகின்றன. மாஸ்டர்ஸ் படிக்க வரும் பிள்ளைகளுக்கும், மருத்துவமனை வேலைக்கு வரும் நர்ஸுகளுக்கும் முதல் வீடு பெரும்பாலும் அதுதான். அறை உங்களுக்கு, சமையலறை, குளியலறை, மாடிப்படி எல்லோருக்கும் பொது. இப்படிப்பட்ட வீடுகளில் வாடகைப் பணத்துக்காக வரும் சண்டையைவிட, அடுப்பில் காய்ந்த சாம்பாருக்காக வரும் சண்டைதான் அதிகம். "வாடகை கொடுக்கிறேனே, நான் ஏன் துடைக்கணும்?" என்று ஒரு பக்கம். "என் வீட்டில் இருக்கிறவர் நான் சொன்னபடி செய்யட்டும்" என்று மறுபக்கம். இரண்டுமே நியாயமில்லை. புழங்கியதால் வரும் அழுக்கு புழங்கியவருடைய வேலை. வீடு பழசாவதால் வரும் கேடு வீட்டுக்காரருடைய வேலை. இதை முதல் நாளே பேசிவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன் குளியலறையையும் ஃபிரிட்ஜையும் பார்த்துவிடுங்கள். "பொது இடங்களை யார், எந்தக் கிழமை சுத்தம் செய்வீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்ற பதில் வந்தால், விடாமல் இன்னொரு முறை கேளுங்கள்.

2. பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். சொந்தக்காரர், ஊர்க்காரர் என்ற உரிமையில் பலர் இதைச் செய்வதில்லை. ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில் வீட்டுக்காரரோடு சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்து வாழும் லாட்ஜருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. 1977ஆம் ஆண்டின் வெளியேற்றத் தடுப்புச் சட்டம் இவர்களை விலக்கப்பட்ட குடியிருப்போர் என்று தனியாக வைக்கிறது. நியாயமான அவகாசம் கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போகாமலேயே காலி செய்யச் சொல்லலாம். அந்த அவகாசம் பெரும்பாலும் வாடகை கட்டும் இடைவெளி அளவுதான்; மாத வாடகை என்றால் ஒரு மாதம். ஆகவே சின்ன மனக்கசப்பு முற்றினால் தெருவில் நிற்பது நீங்கள்தான். எழுதி வைக்கச் சொல்வது அவநம்பிக்கை ஆகாது என்பதை வீட்டுக்காரர்களும் புரிந்துகொள்ள வேண்டும்.

3. குடி போகும் நாளன்றே மெத்தை, கார்பெட், ஜன்னல் ஓரம், அடுப்பு, குளியல் தொட்டி எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். டெனன்ட் கொடுக்கும் டெபாசிட்டை அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட வேண்டும் என்ற கட்டாயம் லாட்ஜர் கொடுக்கும் பணத்துக்கு இல்லை. பிறகு தகராறு வந்தால் அந்தப் படங்கள்தான் சாட்சி.

4. பங்கை ஆள்கணக்கில் போடுங்கள். நாலு பேர் உள்ள குடும்பத்தில் ஒரு லாட்ஜர் என்றால் பொது இடத்து வேலையில் அவர் பங்கு ஐந்தில் ஒன்று, பாதி இல்லை. குடும்பத்தார் மட்டும் உட்காரும் ஹாலும், பின்கட்டுத் தோட்டமும், பிள்ளைகள் இறைத்த பொம்மைகளும் அவர் கணக்கில் வரவே கூடாது. அதே சமயம், தனியாக ஒரு குளியலறை உங்களுக்கு என்று விட்டிருந்தால் அது முழுக்க உங்கள் வேலை.

5. "இந்த வாரம் நீ, அடுத்த வாரம் நான்" என்ற முறை ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் இருக்கும் வீட்டில் நிற்காது. நைட் டூட்டி வாரம் வந்ததும் அறுந்துபோகும். அதைவிட ஆளுக்கு நிலையாக ஒரு வேலை நல்லது: படிக்கட்டும் நடையும் ஹூவர் பண்ணுவது ஒருவர், டாய்லெட்டும் வாஷ்பேசினும் இன்னொருவர், குப்பைத் தொட்டிகளை வெளியே வைப்பது மற்றவர். எப்போது செய்ய வேண்டும் என்பதற்கு இரண்டு நாள் நெகிழ்வு கொடுங்கள். இரவு வேலை முடித்துத் தூங்குபவர் இருந்தால் ஹூவர் சத்தம் மதியத்துக்குப் பிறகுதான்.

6. அடுப்பை ஆறுவதற்குள் துடைக்க வேண்டாம்; ஆறிய பின் துடைக்க மறக்கவும் வேண்டாம். பால் பொங்கியதும் குழம்பு தெறித்ததும் மறுமுறை சூடேறினால் கருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டினால் கீறல் விழும். யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் தன் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "தம்பி, சமைக்கிறதுக்கு ஒண்டும் சொல்லமாட்டன். சமைச்சு முடிய அடுப்பை ஒருக்காத் துடைச்சு விடுங்கோ, அது காணும்." இவ்வளவு தெளிவாகவும் அன்பாகவும் சொன்னால் எவரும் கேட்பார்கள்.

7. மஞ்சள் கறைக்குத் தாமதம் கூடாது. இங்குள்ள வீடுகளில் சமையல் மேடை பெரும்பாலும் லேமினேட்; சிங்க்கைச் சுற்றி வெள்ளை சீலன்ட் பூசியிருப்பார்கள். இரண்டிலும் மஞ்சள் ஊறினால் லேசில் போகாது. சோடா உப்பைக் குழைத்துத் தடவிச் சிறிது நேரம் விட்டுத் துடையுங்கள். மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவி வெயில் விழும் ஜன்னலில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் மஞ்சளின் நிறம் மங்கும்.

8. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ஆளுக்கு ஒன்றாக, வேறு வேறு நிறத்தில் வையுங்கள். மீன் சட்டி தேய்த்த ஸ்பாஞ்சில் சைவக்காரரின் டம்ளரைக் கழுவியது தெரிந்தால் வரும் வருத்தம் சின்னதாக இருக்காது. இது சில பென்ஸ் செலவில் தீரும் விஷயம்.

9. தாளித்து மிஞ்சிய எண்ணெய், பொரித்த எண்ணெய், நெய் எதையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். குளிர்ந்த குழாய்க்குள் அது உறைந்து கட்டியாகிவிடும். 2017இல் கிழக்கு லண்டன் வைட்சேப்பலில் தெருவுக்கு அடியில் உள்ள சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் கொழுப்புக் கட்டி அடைத்துக்கொண்டது. உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது. எண்ணெயை ஒரு பழைய ஜாடியில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள். வாணலியைக் கழுவும் முன் கிச்சன் பேப்பரால் துடைத்துவிடுங்கள். சோறு, டீத்தூள், கறிவேப்பிலைக்கு சிங்க் ஓட்டையில் ஒரு சல்லடை போட்டால் போதும். யார் ஊற்றிய எண்ணெயில் குழாய் அடைத்தது என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. பிளம்பர் கூலியைக் கொடுப்பது யார் என்ற பேச்சும் முடியாது.

10. குளியலறைதான் நம்மவர்களுக்கு இங்கே பெரிய பாடம். ஊரில் தரையில் தண்ணீர் கொட்டினால் ஓரத்து ஓட்டை வழியே போய்விடும். இங்கே பெரும்பாலான வீடுகளில் தரையில் ஓட்டையே கிடையாது. பக்கெட்டும் மக்கும் வைத்துத் தாராளமாகக் குளித்தால் தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் இறங்கி, மரப்பலகையை ஊறவைத்து, கீழ் அறையின் கூரையில் மஞ்சள் வட்டமாகத் தெரியும். தொட்டிக்குள் நின்றே குளியுங்கள்; ஷவர் திரையின் அடிப்பகுதி தொட்டிக்கு உள்பக்கம் இருக்க வேண்டும். வெளியே வந்ததும் தரையைப் பழைய துண்டால் ஒற்றிவிடுங்கள். வடிகுழாய் வாயில் சேரும் முடியை அவரவர் அன்றன்றே எடுத்துக் குப்பையில் போட வேண்டும். நீளமுடி உள்ள பெண்களை மட்டும் குறை சொல்லும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தாடி மழித்த முடி வாஷ்பேசினில் ஒட்டிக்கிடப்பதும் அதே குற்றம்தான்.

தொட்டி ஓரத்து சீலன்ட் பிய்ந்து அதன் வழியே தண்ணீர் இறங்கினால் அது வீட்டுக்காரர் வேலை. ஆனால் பார்த்த அன்றே சொல்வது உங்கள் வேலை.

11. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டில் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டுவதும், ஷவர் துளைகள் அடைவதும் உங்கள் அழுக்கால் அல்ல. கெட்டிலில் தண்ணீரும் வெள்ளை வினிகரும் சரிபாதி ஊற்றிக் கொதிக்கவைத்து, ஒரு மணி நேரம் விட்டு, நன்றாகக் கழுவி, ஒருமுறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். ஷவர் தலைக்கு வினிகர் நிரப்பிய பையைக் கட்டித் தொங்கவிடலாம்.

12. பிளீச் போட்ட இடத்தில் வினிகரோ, சுண்ணாம்பு நீக்கும் திரவமோ ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். பகிர்ந்து வாழும் வீட்டில் இதற்கு வாய்ப்பு அதிகம்: காலையில் ஒருவர் டாய்லெட்டில் பிளீச் விட்டுப் போயிருப்பார், அது தெரியாமல் அடுத்தவர் வேறொன்றை ஊற்றுவார். பிளீச் விட்டால் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

13. குளிர்காலத்தில் அறைக்குள் துணி காயப்போட்டு ஜன்னலை மூடி வைத்தால் சுவரில் கரும்பூஞ்சை வரும். ஒரு முறை துவைத்த துணியிலிருந்து லிட்டர் கணக்கில் ஈரம் காற்றில் கலந்து, குளிர்ந்த சுவரில் படிகிறது. ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள், காலையில் கண்ணாடியில் வழியும் நீரைத் துடையுங்கள், கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: ஹீட்டரை ஒரு மணி நேரம் மட்டும் போட்டுவிட்டு, துணி காயப்போட வேறு இடமும் தராமல், பூஞ்சைக்கு லாட்ஜரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. கூரை ஒழுகலால் வந்த பூஞ்சை எத்தனை முறை துடைத்தாலும் திரும்ப வரும்.

14. வாஷிங் மெஷின் கதவைத் துவைத்த பிறகு திறந்தே வையுங்கள். ரப்பர் வளையத்தின் மடிப்பைத் துடையுங்கள். டிரையர் இருந்தால் பஞ்சுச் சல்லடையை ஒவ்வொரு முறையும் காலி செய்யுங்கள். பஞ்சு சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

15. எந்தத் தொட்டி எந்தக் கிழமை என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். காலண்டரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். 2026 மார்ச் 31 முதல் இங்கிலாந்தில் வீடுகளின் உணவுக் கழிவை வாரந்தோறும் தனியாக எடுக்க வேண்டும் என்பது விதி. சில கவுன்சில்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் உண்டு. மறுசுழற்சித் தொட்டியில் சாப்பாட்டுப் பொட்டலம் கிடந்தால் முழுத் தொட்டியையும் எடுக்காமல் போய்விடுவார்கள்.

16. பாத்திர சோப்பு, டாய்லெட் பேப்பர், குப்பைப் பைக்கு மாதம் ஆளுக்கு ஐந்து பவுண்டு ஒரு டப்பாவில் போட்டு, தீர்ந்ததைப் பார்ப்பவர் அதிலிருந்து வாங்கட்டும். ஹூவர், மாப், வாளி வீட்டுக்காரருடைய செலவு.

17. சுத்தம் செய்ய ஆள் வைத்து, அதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் வீட்டுக்காரர்கள் கவனிக்க: வீட்டில் அறை விடுவோருக்கான வரிவிலக்கு 2016 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 7,500 பவுண்டு. சுத்தம், சாப்பாடு, சலவைக்கு லாட்ஜர் தரும் பணமும் இந்தக் கணக்கில் சேரும்.

18. "வாடகையைக் குறைக்கிறேன், வீட்டு வேலையில் கொஞ்சம் கைகொடு" என்று சொன்னால், எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, எத்தனை பவுண்டு குறைவு என்று எழுதி வாங்கிய பிறகே சம்மதியுங்கள். தனியாக வந்திருக்கும் பெண் பிள்ளைகளிடம்தான் இது அதிகம் கேட்கப்படுகிறது. "நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று தொடங்கி, குடும்பத்தின் பாத்திரம் முழுவதும், பிறகு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் அவள் தலையில் விழும். அதே வீட்டில் பையன் தங்கியிருந்தால் அவனிடம் கேட்க மாட்டார்கள். முழு வாடகை கொடுக்கும் பெண்ணிடம் குடும்பத்து வேலை வாங்குவது சுரண்டல். "ஆன்ட்டி, என் பங்கை நான் செய்துவிடுகிறேன், இதற்கு மேல் படிப்புக்கு நேரம் போதவில்லை" என்று முதல் வாரமே சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

19. குறையை அன்றைக்கே, ஒரே ஒரு விஷயமாக, நேரில் சொல்லுங்கள். சிங்க்குக்கு மேலே சீட்டு ஒட்டுவதும், குடும்ப குரூப்பில் படம் போடுவதும் எரிகிற நெருப்பில் எண்ணெய்.

20. லாட்ஜரின் அறைக்குள் சுத்தம் எப்படி என்று பார்க்க நுழைவதாக இருந்தால், முன்கூட்டிச் சொல்லித் தட்டிவிட்டுப் போங்கள். உணவுத் தட்டு அறையில் தங்கினால் எலியும் எறும்பும் வீடு முழுக்க வரும் என்பதால் அதைக் கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. மடிக்காத போர்வையைப் பற்றிக் கேட்க உரிமை இல்லை.

21. காலி செய்யும்போது வந்த நாள் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். மெத்தைக்கு அடியில் ஹூவர், ஃபிரிட்ஜில் உங்கள் தட்டு, சமையலறை அலமாரியில் மசாலா சிந்திய உங்கள் பகுதி, ஜன்னல் ஓரம் ஆகியவைதான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். கார்பெட் நடந்து தேய்ந்ததற்கும், வெயிலில் திரை வெளுத்ததற்கும் பணம் பிடித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழம்பு கொட்டிய கறைக்குப் பிடித்தால் கொடுத்துவிடுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் வீட்டுக்காரரை அறைக்கு அழைத்து, இருவரும் சேர்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.