ஓட்டமும் ஆட்டமும்

டயகமத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சி வேறு வேண்டுமோ என வினவுவார் உளர். நாள்தோறும் மலைப்படிகளில் ஏறியிறங்கும் கால்களன்றோ! எனினும், ஏறுதல் கடன், ஆடுதல் விருப்பம். விருப்பத்தாற் பழகியதே பள்ளியை நீங்கிய பின்னும் நிலைக்கும்.

ஆசிரியனாய்ப் புகுந்த புதிதில், பிந்தி வந்தோரை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுதல் என் வழக்கம். ஓட்டத்தைத் தண்டனையாக்கிய பிழையைக் காலந்தாழ்த்தே உணர்ந்தேன். அவருள் ஒருவரும் பின்னாளில் விரும்பி ஓடக் கண்டிலேன். மழைவிட்ட ஈரத்தரையிற் சடுகுடு ஆடித் திரிந்தவரோ, இன்றும் வேலை முடிந்த மாலைகளிற் கொழுந்து மடுவத்து முற்றத்தில் ஆடுகின்றனர். தோற்றவரும் சிரித்தே லயம் திரும்புவர்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற எதிர்வீரசிங்கம், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து பொற்பதக்கம் ஈட்டினார். அத்தகையார் சிலரே. பள்ளியின் கண் கடைசியாய் வருபவன்மீதன்றோ இருத்தல் வேண்டும்? 5 முதல் 17 வயதினர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துரைத்தது. பாடவேளை மட்டும் அதனை நிரப்பாது. எஞ்சியதைப் பிள்ளை தானே நாடி ஆடினாலன்றி நிறையாது.

பெண்பிள்ளைகளை ஓரத்தே நிறுத்திப் பைகளைக் காக்கச் செய்யும் வழக்கமும் முற்றாய் ஒழிந்திலது. அண்மையில் அவர்கள் கையிற் பந்தைக் கொடுத்தேன். மணியடித்தபின் ஒருத்தி வந்து, "சேர், நாளைக்கும் விளையாட விடுவீங்களா?" என்றாள். நேரசூசியைப் புரட்டினேன், அடுத்த விளையாட்டுப் பாடவேளைக்கு இன்னும் ஆறு நாட்கள் இருந்தன.