திருவண்ணாமலைத் திருவூடல் விழா: அகமரபும் ‘கீழையுலகின் எழுநாள்’ விழாவும் – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் திருக்கோயிலில் தை 2ஆம் நாள் நிகழும் திருவூடல் விழாவைத் தமிழ் அகமரபின் வழிநின்று இக்கட்டுரை ஆராய்கிறது. சீனம், சப்பான், கொரியா ஆகிய நாடுகளில் வழங்கும் காதல் தொன்ம விழாவோடு அதனை ஒப்பிட்டு, ஊடலின் காரணமும் வாயிலின் பணியும் பக்திச் சூழலில் அடைந்த மாற்றத்தை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: திருவூடல், வாயில், சுந்தரர், பிருங்கி, உரிப்பொருள்

முன்னுரை

சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாத ஏழாம் நாளில் சீனர் கொண்டாடும் விழா, வான்யாற்றின் இருகரையில் பிரிக்கப்பட்ட நெசவுமகளும் ஆயனும் ஆண்டுக்கு ஒருமுறை கூடுவதாகிய தொன்மத்தை அடிப்படையாகக் கொண்டது. பறவைகள் அமைக்கும் பாலத்தின்மீது அவர்கள் சந்திப்பர். இதுவே சப்பானில் தனபாத்தா என்றும் கொரியாவில் சில்சொக் என்றும் வழங்குகிறது. தெய்வக் காதலை ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டும் தமிழ் விழாக்களுள் திருவூடல் இதனோடு ஒப்பிடத்தக்கது.

காலமும் களமும்

நெசவுமகளாகக் கருதப்படும் விண்மீன் இந்திய மரபில் அபிசித்து. ஆயனாகக் கருதப்படுவது திருவோணம். அதே விண்மீனைத் தமிழர் திருமாலுக்குரிய நாளாகக் கொண்டனரேயன்றிக் காதலனாகக் காணவில்லை. தமிழ் விழாவில் காதலின் களம் வானம் அன்று, ஊர்த்தெரு. திருவண்ணாமலையில் திருவூடல் தெரு என்றே ஒரு தெரு வழங்குவது இதற்குச் சான்று.

காலக்கணிப்பும் வேறு. கார்த்திகைத் தீபமும் திருவரங்கத்துப் பங்குனி உத்திரச் சேர்த்தியும் நாள்மீனைச் சார்ந்தவை. திருவூடலோ கதிரவன் வழிப்பட்ட தை மாதத்தின் இரண்டாம் நாளில், மாட்டுப் பொங்கலன்று, நிலையாக நிகழ்வது.

ஊடலின் காரணம்

அம்மையை விலக்கி இறைவனை மட்டும் வணங்கிய பிருங்கி முனிவரின் கதை இவ்விழாவின் அடிப்படை. ஊடலுற்ற உண்ணாமுலையம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவடைக்க, அண்ணாமலையார் அன்றிரவு குமரக்கோயிலில் தங்குகிறார். மறுநாள் 14 கி.மீ. மலைவலம் வந்து, பிருங்கிக்குக் காட்சியளித்து, கோயிலுக்கு மீள்கிறார். மறுவூடலுக்குப் பின் ஊடல் தீர்கிறது.

அகப்பாடல்களில் மருதத்தின் உரிப்பொருளாகிய ஊடலுக்குப் பரத்தையர் பிரிவே பெருங்காரணம். இங்கு அவ்விடத்தில் அடியவர் நிற்கிறார். இறைவன்மேல் சாற்றப்படும் குறை, ஓர் அடியவருக்கு அளவிறந்து இரங்கியமை ஆகும். இம்மாற்றத்தால் காமத்தின் குற்றம் அருளின் மிகுதியாகிறது; எனினும் அம்மையின் உரிமைக்குரல் தணிக்கப்படவில்லை. உமை இடப்பாகம் பெற்ற தலமாகவே இவ்வூர் போற்றப்படுகிறது. கார்த்திகைத் தீபத்தன்று அர்த்தநாரீசுவரராக ஓருருவில் தோன்றியவர், தையில் இருவராகி ஊடுகின்றனர். ஊடுதற்கு இருவர் வேண்டும் என்பதை இவ்வடைவு உணர்த்துகிறது.

வாயில்

தோழி, பாணன், விறலியர் முதலாகப் பன்னிரு வாயில்களைத் தொல்காப்பியக் கற்பியல் சுட்டுகிறது. திருவூடலில் இப்பணியைச் செய்பவர் சுந்தரர். இன்று கிடைக்கும் அவர்தம் தேவாரத்தில் அண்ணாமலைக்கெனத் தனிப்பதிகம் இல்லை. ஆகவே அவர் இங்குத் தூதரானமைக்குத் தலப்பாடல் காரணம் அன்று. பெரியபுராணமே காரணம் எனலாம். சங்கிலியாரை மணந்தமையால் பரவையார் ஊடியபோது, சுந்தரருக்காகத் திருவாரூரில் தூது நடந்தவர் இறைவன். அத்தூதுக்கு எதிர்த்தூதாகத் திருவூடல் அமைகிறது. திருவரங்கத்திலும் நம்பெருமாளுக்கும் தாயாருக்கும் இடையே நம்மாழ்வார் நின்று ஊடல் தீர்க்கிறார். பாணன் நின்ற இடத்தில் இரு சமயங்களும் தத்தம் பாவலரை நிறுத்தியுள்ளன.

முடிவுரை

கீழையுலக விழாவில் காதலரைப் பிரிப்பது புறத்தேயுள்ள ஆணை; அதனால் அங்குக் காத்திருத்தல் உரிப்பொருளாகிறது. திருவூடலில் பிரிவு காதலருக்குள்ளேயே தோன்றுகிறது. அதனைத் தீர்க்கத் தூதும் சொல்லும் தேவைப்படுகின்றன. வான்யாற்றின்மேல் பறவைகள் செய்யும் பணியை, இங்கு அடைத்த கதவின்முன் பாவலர் செய்கிறார். காமத்துப்பாலை ஊடலுவகையில் நிறைவுசெய்த வள்ளுவரின் நோக்கும் இத்தகையதே. அகமரபு ஏட்டோடு நின்றுவிடாமல் ஆண்டுதோறும் தெருவில் நிகழ்த்தப்படுவதற்குத் திருவூடல் தக்க சான்றாகும். ஏனைய தலங்களின் ஊடல் உற்சவங்களையும் வாயில் நோக்கில் தொகுத்து ஆராய்வது, பக்தி இலக்கியம் அகத்தை ஏற்ற முறையை மேலும் தெளிவாக்கும்.