அரை அங்குலக் கிறுக்கல்

முதல் வருஷ பிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா நண்பர்களே? ஏர் வெட்ஜ், டார்ஷனல் பெண்டுலம், லேசர். பத்து ரீடிங் எடுப்போம். ஒன்பது ஒழுங்கா வரும். பத்தாவது மட்டும் கிராஃபில் கோட்டுக்கு வெளியே தனியாக நிற்கும். உடனே என்ன செய்வோம்? ரப்பரை எடுப்போம். பக்கத்து பெஞ்சு நோட்டைப் பார்த்து "சரியான" ரீடிங்கைப் போட்டு, கையெழுத்து வாங்கிட்டு, கேன்டீனுக்குப் போயிடுவோம்.

இதில் என்ன தப்பு, மார்க் ஒண்ணும் போகலையே என்று தோன்றலாம். அதற்குப் பதில் தெரிய, பிசிக்ஸில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ஒரு மாணவியின் தினசரி வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பெயர் ஜோசலின் பெல். இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். வருஷம் 1967.

சம்மட்டியோடு தொடங்கிய ஆராய்ச்சி

ஜோசலின் வட அயர்லாந்தில் வளர்ந்தவர். பதினோரு வயதில் எழுத வேண்டிய பள்ளித் தேர்வில் தோற்றவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிசிக்ஸ் பட்டம் முடித்து 1965-ல் கேம்பிரிட்ஜ் வந்தார். சுற்றி இருந்த எல்லாரும் தன்னைவிட புத்திசாலிகளாகத் தெரிந்தார்களாம். தன்னைத் தெரியாமல் சேர்த்துவிட்டார்கள், சீக்கிரமே கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்ததாகப் பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அனுப்புகிற நாள் வரை முழுசாக உழைத்துவிடலாம், அப்போதாவது மனசு உறுத்தாது என்பதுதான் அவர் எடுத்த முடிவு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, முதல் செமஸ்டரில் வாயைத் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பயம் நல்லாவே தெரியும்.

அவருடைய கைடு ஆன்டனி ஹியூயிஷ். தேடியது குவாசர்களை. காற்றின் சலனத்தால் நட்சத்திரம் கண்சிமிட்டுவது போல, சூரியனிலிருந்து வீசும் பிளாஸ்மாவால் சிறிய ரேடியோ மூலங்களும் சிமிட்டும். அந்தச் சிமிட்டலைப் பிடிக்கப் பெரிய ஆன்டெனா வேண்டும். ரிசீவரும் வேகமாக வேலை செய்ய வேண்டும். அன்றைய ரேடியோ தொலைநோக்கிகள் பலவும் நாய்ஸைக் குறைக்கப் பல விநாடி சிக்னலைச் சராசரி எடுத்துவிடும். இந்தத் தொலைநோக்கி அப்படிச் செய்யாது. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னால் வேலைக்கு ஆகும்.

தொலைநோக்கி என்றதும் லென்ஸையோ பெரிய தட்டையோ நினைக்காதீங்க. நாலரை ஏக்கர் வயல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டைபோல் ஆன்டெனாக்கள், சுமார் 190 கிலோமீட்டர் கம்பியும் கேபிளும். இதையெல்லாம் நட்டு, கட்டி, இணைத்து முடிக்க ஒரு சின்னக் குழுவுக்கு இரண்டு வருஷம் ஆனது. பிஎச்.டி. முடித்துப் போகும்போது தனக்குச் சம்மட்டி வீசத் தெரிந்திருந்தது என்று ஜோசலின் சிரித்துக்கொண்டே சொல்வார்.

தினமும் 30 மீட்டர் பேப்பர்

1967 ஜூலையில் கருவி ஓடத் தொடங்கியது. அதை இயக்குவதும், வரும் தகவலைப் படிப்பதும் அவர் ஒருத்தரின் பொறுப்பு. பேனா முள் சார்ட் பேப்பரில் கோடு போட்டுக்கொண்டே போகும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 30 மீட்டர். வானத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்து முடிக்க நான்கு நாள், அதாவது 120 மீட்டர் பேப்பர். அவ்வளவையும் கண்ணால் பார்த்து, எது குவாசர், எது சரியாக சப்ரஸர் பொருத்தாத காரின் ஸ்பார்க், எது வேறு ஏதோ ரேடியோ தொந்தரவு என்று பிரித்துக் குறிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் இல்லையா என்று கேட்பீங்க. பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஆனாலும் ஆரம்பத்தில் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். புதுக் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்று பழகும் வரை கண்ணால் பார்ப்பதே நல்லது என்பது அவர்கள் எண்ணம். வித்தியாசமான ஒன்றை மனிதர் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார். அதையே புரோகிராமாக எழுதுவது கஷ்டம்.

சில வாரங்களில் பேப்பரில் ஒரு கிறுக்கல் தட்டுப்பட்டது. 120 மீட்டரில் அரை அங்குல இடம். குவாசர் மாதிரியும் இல்லை, மனிதர் உண்டாக்கும் தொந்தரவு மாதிரியும் இல்லை. இரவில் இந்தச் சிமிட்டல் பலவீனமாக இருக்க வேண்டும், இதுவோ இரவில் வந்தது. ஜோசலின் அதை அழிக்கவில்லை. ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார். மறுபடி வந்தபோது, இதே மாதிரி ஒன்றை முன்பே பார்த்தோமே, வானத்தின் அதே இடத்தில்தானே என்று நினைவு வந்தது. பழைய சுருள்களைப் புரட்டினார். ஆகஸ்ட் 6-ம் தேதிப் பதிவிலேயே அது இருந்தது.

நான்கு நிமிஷக் கணக்கு

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிஷம். அதனால் ஒரு நட்சத்திரம் தினமும் நான்கு நிமிஷம் முன்னதாகவே உச்சிக்கு வரும். ஆகஸ்ட் 6-லிருந்து நவம்பர் 28 வரை 114 நாள். நான்கால் பெருக்கினால் ஏழரை மணி நேரத்துக்கும் மேல். ராத்திரி வந்துகொண்டிருந்த சிக்னல் நவம்பர் கடைசியில் மதியத்துக்கு மேல் வர வேண்டும். அப்படித்தான் வந்தது. பக்கத்து ஒர்க்ஷாப் மோட்டாராக இருந்தால் அது நம்ம கடிகாரப்படி ஓடியிருக்கும், நட்சத்திரக் கணக்கு அதற்குத் தெரியாது.

கிறுக்கலை விரித்துப் பார்க்க வேண்டும் என்றால் பேப்பரை வேகமாக ஓட்ட வேண்டும். நவம்பரில் அதற்கென்று தினமும் அந்த நேரத்துக்கு வயலுக்குப் போனார். வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை, மூலம் மங்கியிருந்தது. ஒரு நாள் மட்டும் ஒரு லெக்சருக்குப் போக வேண்டும் என்று அதை விட்டுவிட்டார். அந்த நாள் பார்த்து அது வந்துபோயிருந்தது! மறுநாள் வழக்கமான பதிவைப் பார்த்துத்தான் தெரிந்தது. நவம்பர் 28 அன்று ஒருவழியாகச் சிக்கியது. ஒன்றேகால் விநாடிக்குச் சற்று அதிகம், 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு. கொஞ்சமும் பிசகாமல்.

முதலில் உங்களையே சந்தேகப்படுங்க

போன் செய்தபோது ஹியூயிஷ் மாணவர்களுக்கு லேப் எடுத்துக்கொண்டிருந்தார். இது மனிதர் உண்டாக்கியதாகத்தான் இருக்கும் என்றார். அது நியாயமான சந்தேகமும்கூட. அடுத்த சில வாரங்கள் அந்தச் சந்தேகங்களைத் தீர்ப்பதிலேயே போயின.

நிலவில் பட்டுத் திரும்பும் ரேடாரா? விசித்திரமான பாதையில் சுற்றும் செயற்கைக்கோளா? தெற்கே இருந்த பெரிய தகரக் கட்டடமா? ஒவ்வொன்றாகக் கழிந்தது. நம்ம கருவியே கோளாறா? வேறொரு தொலைநோக்கியையும் ரிசீவரையும் வைத்துப் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. வயிறு கலங்கியிருக்கும். சில நிமிஷம் கழித்து அங்கேயும் வந்தது. வர வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டதில்தான் தவறு.

மூலம் எவ்வளவு பெரியது? துடிப்பு சுமார் 16 மில்லிவிநாடிதான் நீடித்தது. அதற்குள் ஒளி போகும் தூரம் 3,00,000 கிலோமீட்டரை 0.016-ஆல் பெருக்கினால் 4,800 கிலோமீட்டர். மூலம் அதைவிடப் பெரிதாக இருந்தால் துடிப்பு இவ்வளவு கூர்மையாக வராது. அதாவது பூமியைவிடச் சின்னது. எவ்வளவு தூரம்? விண்வெளியில் உள்ள எலக்ட்ரான்களால் குறைந்த அதிர்வெண் அலை கொஞ்சம் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தை அளந்ததில் சுமார் 200 ஒளியாண்டு என்று வந்தது.

வேற்றுக்கிரகவாசிகளா? பாதி விளையாட்டாக அதற்கு "குட்டிப் பச்சை மனிதர்கள்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் ஏதாவது கோளில் இருந்தால், அது தன் சூரியனைச் சுற்றும்போது டாப்ளர் விளைவால் துடிப்பின் இடைவெளி கூடிக் குறைய வேண்டும். அளந்தார்கள். தெரிந்தது நம்ம பூமியின் அசைவு மட்டும்.

ஜோசலினுக்கோ கவலை. பிஎச்.டி. முடிக்க வேண்டிய நேரத்தில் இது என்ன தலைவலி? டிசம்பர் 21 மாலை இன்னொரு சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வானத்தின் வேறொரு மூலையில் அதே மாதிரிக் கிறுக்கல். நடுராத்திரி தாண்டிக் கொட்டும் குளிரில் வயலுக்குப் போனார். குளிரில் கருவி முரண்டு பிடித்தது. மூச்சை ஊதி, திட்டி, ஐந்து நிமிஷம் ஓட வைத்தார். 1.2 விநாடிக்கு ஒரு துடிப்பு! இரண்டு கூட்டம் பச்சை மனிதர்கள் ஒரே நேரத்தில் நமக்குச் சிக்னல் அனுப்ப வாய்ப்பில்லை. அப்படியானால் இது புதுவகை நட்சத்திரம்.

1968 பிப்ரவரியில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. அதுதான் பல்சர், வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரம். ஜோசலினின் ஆய்வேடு குவாசர்களைப் பற்றியது, பல்சர் அதில் பின்னிணைப்பாகத்தான் இடம்பெற்றது. 1974 நோபல் பரிசு ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது, அவர் பெயர் இல்லை. 2018-ல் அவருக்குக் கிடைத்த பிரேக்த்ரூ சிறப்புப் பரிசு 30 லட்சம் டாலர். அது முழுவதையும், வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து பிசிக்ஸ் ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்களுக்காகக் கொடுத்துவிட்டார்.

நம்ம லேபுக்கு

இப்போ நம்ம ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். ரீடிங்கை சென்சார் எடுக்குது. அவுட்லையரைத் தூக்குவதற்கு இரண்டு வரி பைத்தான் போதும். ரப்பர் செய்த வேலையை இப்போ கோடு செய்கிறது, அதுவும் நமக்குத் தெரியாமலே. அதனால் சில பழக்கங்கள்:

ஒன்று, முதல் வாரம் ஃபில்டர் எதுவும் போடாமல் மூலத் தகவலைக் கண்ணால் பாருங்க. வழக்கம் எது என்று தெரிந்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும்.

இரண்டு, அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுதுங்க. புரியாத ரீடிங்குக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்க. தேதியும் நேரமும் கட்டாயம். அவை இல்லாவிட்டால் அந்த நான்கு நிமிஷக் கணக்கே நடந்திருக்காது.

மூன்று, சந்தேகப் பட்டியல் எழுதி, சுலபமானதிலிருந்து தொடங்குங்க. முதல் சந்தேகம் கேபிள் மேல் இருக்கட்டும். 2011-ல் ஓபரா என்ற சோதனையில் நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோவிநாடி முன்னால் வந்ததாகத் தெரிந்து உலகமே பரபரத்தது. முக்கியக் காரணம், சரியாகப் பொருந்தாத ஒரு ஆப்டிக்கல் ஃபைபர் இணைப்பு. அந்த விலகிய ரீடிங்கையும் அவர்கள் அழிக்கவில்லை. துரத்திப் போய்க் காரணத்தைப் பிடித்தார்கள்.

நம்ம பத்தாவது ரீடிங் பெரும்பாலும் தளர்ந்த கனெக்‌ஷனாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அதைக் கண்டுபிடித்தாலே கருவி உங்களுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். வைவாவில் எக்ஸாமினர் "இந்தப் புள்ளி ஏன் தள்ளி நிற்குது?" என்று கேட்டால், காரணத்தைச் சொல்லுங்க. காரணம் தெரியாவிட்டால், என்னென்ன சரிபார்த்தீங்க என்று சொல்லுங்க. அதுக்கு அந்தப் புள்ளி நோட்டில் இருக்கணும். அடுத்த லேப் அன்றைக்கு ரப்பரை ரூமிலேயே வெச்சுட்டு வாங்க.